பாலோ கோழிப்பண்ணையில் ஒரு லோட் டெஸ்ட்

என் தொழிலில் நான் ஒரே ஒருமுறைதான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். அந்த ஒருமுறைக்கே பாலோ என்ற சிற்றூரில் மூவாயிரம் கோழிகள் செத்துப்போயின. (கோழிதானே என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

அப்போது உலு திராமில் ஜெனரேட்டர் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். அக்காவின் கணவர், என் மாமா, பாலோவில் கோழிப்பண்ணை நடத்தினார். நான்கு பக்கமும் அடைத்த நீளக் கொட்டகை. உள்ளே காற்றாடிகள் நின்றால் வெக்கையில் கோழிகள் தாங்காது. கரண்ட் போனால் கைகொடுக்க அங்கே இருந்த ஒரே டீசல் ஜெனரேட்டர், புகை கக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பிரித்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிப் பூட்டினேன். நான் தனியாகச் செய்த முதல் ஓவர்ஹால் அது.

அப்படிப் பூட்டிய என்ஜினை உடனே நம்பிவிடக் கூடாது. பட்டறையில் அதற்கென்றே ஒரு பெரிய ஹீட்டர் பெட்டி உண்டு. அதை ஜெனரேட்டரோடு இணைத்து, கால், அரை, முக்கால், முழுசு என்று சுமையை ஏற்றி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். அதுதான் லோட் டெஸ்ட். அந்த வாரம் பெட்டி லாபிஸில் வேறு வேலைக்குப் போயிருந்தது.

"வியாழக்கிழமை வந்துடும். அதுவரைக்கும் வாடகைக்கு வேற ஜெனரேட்டர் ஒண்ணு எடுத்து பக்கத்துல வச்சுக்கோ," என்றார் சீன முதலாளி. (மலாயில்தான் சொன்னார். எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது.)

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் இரண்டு வரை, கம்பி மாற்றுவதற்காகக் கரண்ட் நிறுத்தப்படும் என்று பண்ணைக்கு நோட்டீஸ் வந்திருந்தது. எனக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது.

"பெட்டியெல்லாம் எதுக்கு மாமா? உங்க காத்தாடிங்களே லோடுதான். ஒரே நாள்ல டெஸ்ட்டும் முடிஞ்சிடும்."

மாமா தலையைச் சொறிந்தார். "இன்னும் நாலு நாள்ல கோழி ஏத்த லாரி வருது மச்சான். இந்தக் கோழிங்கள நம்பித்தான் இருக்கேன். தாங்கும்ல?"

"நான் செஞ்சது மாமா," என்றேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா சூடம் காட்டித் தேங்காய் உடைத்தாள். எனக்கு அது போதவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொடுத்து உதவியதற்காக எனக்குப் போர்த்திய சால்வை ஒன்று வேனில் கிடந்தது. (பிரமுகர்களுக்குப் போர்த்தியது போக மிஞ்சியது.) யாரையாவது கௌரவிக்க வேண்டுமானால் நம்மவர்களுக்குச் சால்வை இல்லாமல் முடியாது. என்ஜினுக்கும் ஒரு மரியாதை செய்தேன். மேலே கழுத்துபோல் நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் சுற்றிப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் கழுத்துதான் என்ஜின் காற்றை உறிஞ்சும் இடம். தெரியாமல் செய்யவில்லை. படம் எடுத்ததும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் சித்தப்பா கட்டைவிரல் அனுப்பினார், பெரியம்மா இதயம் அனுப்பினார். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே என்ஜினை ஓடவிட்டேன்.

காலைக் குளுமையில் பாதிக் காற்றாடிகளே ஓடின. என்ஜின் சமர்த்தாக இருந்தது. பதினொரு மணிக்கு வெயில் ஏறி எல்லாக் காற்றாடிகளும் ஓடத் தொடங்கியதும் கரும்புகை கிளம்பியது.

"என்ன மச்சான் இது?"

"புது ரிங் மாமா. உள்ள படியிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னேன். எழுந்துகூடப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் என்ஜின் திணறி, இருமி, நின்றது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மாமாவும் இரண்டு வேலையாட்களும் பக்கத் தார்ப்பாய்களைக் கையால் சுருட்ட ஓடினார்கள். அக்கா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் டீசல் பைப்பைக் கழற்றினேன், காற்றை வெளியேற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், டீசல் விற்றவனைத் திட்டினேன். நாற்பது நிமிடம். கொட்டகையிலிருந்து வந்த சத்தம் குறைந்துகொண்டே போனது. கோழிகள் அமைதியாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

வாளியோடு வந்த அக்காதான் கேட்டாள். "தம்பி, அந்தத் துணி ஏன் உள்ள போய் ஒட்டிக்கிட்டிருக்கு?"

முழுச் சுமையில் என்ஜின் பலமாக மூச்சிழுத்திருக்கிறது. சால்வை சரிகையோடு போய் அதன் மூக்கை அடைத்துவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஸ்டார்ட் ஆனது. இரண்டு மணி வரை முழுச் சுமையில் துளிப் புகை இல்லாமல் ஓடியது. டெஸ்ட் பாஸ்.

சாயங்காலம் வரை நானும் மாமாவும் செத்த கோழிகளைத் தள்ளுவண்டியில் அள்ளிக் குழிக்குக் கொண்டுபோனோம். அவர் என்னைத் திட்டவில்லை. கடைசி வண்டியைக் கவிழ்த்துவிட்டு, "என்ஜின் நல்லா செஞ்சிருக்க மச்சான்," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. ஓங்கி ஒன்று வைத்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஈட்டுக் கோழிகளை விற்றதோடு மாமா பண்ணையை விட்டுவிட்டு, ஃபேக்டரி பஸ் ஓட்ட வந்துவிட்டார். கதை மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. எந்த விசேஷத்தில் யாருக்குச் சால்வை போர்த்தினாலும், "மூக்க மூடிடாதீங்க, நின்னுடப் போறாரு," என்று அக்கா குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பது மாமாதான்.

பந்தியில் மட்டும் அவர் கோழிக்கறி வாளி வரும்போது இலையைக் கையால் மறைத்துக்கொள்வார். கேட்டால் கொலஸ்ட்ரால் என்பார். அவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நான்தான். அவருக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது.