வேபிரிட்ஜில் ஒரு பங்குச் சந்தை

இந்தியாவின் பங்குச் சந்தை மும்பையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பு லாரிகளை எடை போடுகிற ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. அதை நடத்தியவர் வேபிரிட்ஜ் அண்ணாச்சி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழங்கியதாக எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி நாசரேத்துக்காரர். வாலிப வயதில் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். அந்தக் குரலில் "முன்ன வா" என்றால், மேடைக்கு வர வேண்டிய லாரியோடு அதற்குப் பின்னால் நிற்கிற இரண்டும் சேர்ந்து முன்னே வரும். தினமும் காலையில் முதல் லாரி வருவதற்குள் அவரே எடைமேடையில் ஏறி நிற்பார். அது பத்துப் பத்துக் கிலோவாக மட்டுமே எண்ணத் தெரிந்த மிஷின். எண்பது என்று காட்டும். "மிஷின் சரியா இருக்கு" என்று தானே சான்றிதழ் கொடுத்துவிட்டு இறங்குவார். ஆள் சரியாக இருக்கிறாரா என்பதை அந்த மிஷினும் அவரிடம் கேட்டதில்லை.

எதிர்ச் சாரியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஏற்றுமதிக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவது அப்போது என் பிழைப்பு. எடைமேடையை ஒட்டி செலின் அக்காவின் டீக்கடை. அக்கா பெரியதாழைக்காரி. டீ ஆற்றிக்கொண்டே மாதச் சீட்டும் நடத்துவார். இரண்டிலும் ஒரு சொட்டு சிந்தாது. இன்னொருவன் முருகேசன். ஒரே ஒரு லாரிக்கு அவனே முதலாளி, அவனே டிரைவர், பஞ்சர் ஆனால் அவனே கிளீனர். கொரோனாவில் லாரிகள் ஓடாமல் கிடந்தபோது செல்போனில் ஷேர் வாங்கலாம் என்ற ஞானம் முதலில் அவனுக்கு வந்தது. அது அவனிடமிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சிக்குப் பங்குச் சந்தையைப் பற்றி எதுவும் தெரியாது. இதை அவர் மறைத்ததில்லை. தான் குளிக்கிற சோப்புக் கம்பெனியின் பங்கை வாங்கினார். ஆறு மாதத்தில் சோப்பு சிறுத்துவிட்டது. உடனே உறையில் அச்சிட்டிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"நான் உங்க முதலாளி பேசுதேன்."

அந்தப் பக்கத்துப் பெண் திகைத்துப் போயிருக்க வேண்டும்.

"ஷேரு வாங்கியிருக்கேன்லா, அப்ப முதலாளிதான? சோப்பை ஏம்மா சின்னதாக்குனிய? கை நழுவி சாக்கடைக்குப் போகுது."

இன்னொரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கடற்கரைப் பக்கம் போனவர், வெளியே நங்கூரம் போட்டு வரிசையாகக் கப்பல்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "வியாபாரம் கொழிக்குதுலே. கப்பலுக்கு உள்ள வர எடம் இல்ல" என்றார். மறுநாள் காலை நாங்கள் அத்தனை பேரும் ஒரு கப்பல் கம்பெனியில் பணத்தைப் போட்டோம். அதற்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. கிரேன் பழுதாகிச் சரக்கு இறக்க முடியாமல் அந்தக் கப்பல்கள் தேங்கி நின்றிருக்கின்றன. கிரேன் பழுது என்ற தகவல் முந்தின வாரமே என் மேசைக்கு வந்திருந்தது. அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் நான் பங்கு வாங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் எங்களுக்குத் தலைவரானது முருகேசனின் கியர்பாக்ஸால்.

சந்தை விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், முருகேசன் லாரி இல்லாமல் கால்நடையாக வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது, லாரிக் கடனுக்குத் தவணை நாள் நெருங்கிவிட்டது. போனைத் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் வித்துத் தொலைக்கப் போறேன் அண்ணாச்சி, நாளைக்கு இன்னும் விழுமாம்" என்றான்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மேடையில ஏறு" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஏறுலே."

ஏறினான். அவன் நின்ற நிலையில் கால் மாற்றி மாற்றி ஆடியதில் எண் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு உப்பு லாரி ஹாரன் அடித்தது. அண்ணாச்சி கையைக் காட்டி அதை அடக்கினார்.

"ஆடுதுல்லா? இன்ஜின் ஓடிக்கிட்டிருக்க வண்டிக்கு நான் எடைச்சீட்டு குடுத்திருக்கனா? அணைச்சு, ஆடி அடங்குன பொறவுதான் எடை. நீ இப்ப ஓடிக்கிட்டிருக்க வண்டி. எறங்கு. சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏளா செலின், இவனுக்கு என்ன இருக்கோ குடு."

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை போன் அண்ணாச்சியின் மேசை டிராயரில் பூட்டப்பட்டிருந்தது. அப்புறம் கேட்டார். "ஷேரு கெடக்கட்டும். உனக்கு இப்ப என்ன வேணும்?" வேண்டியிருந்தது கியர்பாக்ஸ். அது வந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் தவணை கட்டலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் அண்ணாச்சி தன் குரலை அடகு வைத்துக் கடனுக்கு வேலை பேசினார். அந்த மாதச் சீட்டை செலின் அக்கா முருகேசனுக்குத் திருப்பிவிட்டார். முருகேசன் பங்குகளை விற்கவில்லை.

அவை அடுத்த வாரம் ஏறின என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் விழுந்தன. சிலது நெடுநாள் கழித்து எழுந்தது, சிலது இன்னும் படுத்தே கிடக்கிறது. ஆனால் லாரி ஓடியது, முருகேசன் தூங்கினான். அன்றிலிருந்து அது எங்களுக்குச் சட்டமாகிவிட்டது. விற்பதானாலும் வாங்குவதானாலும் முதலில் சாப்பிட வேண்டும், அப்புறம் கொட்டகையில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் போனைத் தொடலாம். என் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் நானும் அந்த மேடையில் ஏறி நின்றவன்தான். படித்தவன், ஆபீஸர் என்ற மரியாதைக்காக எனக்கு மட்டும் ஒரு வடை கூடுதலாகக் கிடைத்தது. அண்ணாச்சி பேச்சைக் கேட்டுப் பணக்காரன் ஆனவன் யாரும் இல்லை. தெருவுக்கு வந்தவனும் இல்லை.

அப்புறம் ஒரு காலையில் மிஷின் பழுதாகிவிட்டது. அண்ணாச்சி ஏறி நின்றார். எழுபது என்று காட்டியது.

இறங்கி மறுபடியும் ஏறினார். எழுபதுதான். கம்பெனிக்குப் போன் போட்டு, "மிஷின் குறைச்சுக் காட்டுது, உப்புக்காரங்க என்னைக் கொன்னு போடுவாங்க" என்று சத்தம் போட்டார். சர்வீஸ்காரன் எடைக்கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அரை நாள் சோதித்துவிட்டு மிஷினில் ஒரு குறையும் இல்லை என்றான். "உனக்குப் பாக்கத் தெரியல" என்று அண்ணாச்சி அவனைத் திட்டி அனுப்பினார்.

செலின் அக்கா மட்டும் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார். "மிஷின் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆளுதான் குறைஞ்சிருக்காரு. ரெண்டு வாரமா நான் குடுக்க டீ ஆடை படிஞ்சு அப்படியே திரும்பி வருது."

அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் எங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்டே பல நாள் ஆகிவிட்டது. அன்று மதியமே மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, எனக்குப் போன் செய்தார். குரல் இளைத்திருந்தது. "தம்பி, இவுக டிபன்பாக்ஸு கொண்டுபோனபடியே வருது. கடையில எதும் சாப்பிடுதாகளா?"

எதிர்ச் சாரிக்குப் போனேன். அண்ணாச்சி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எண்கள் நொடிக்கு நொடி குதித்தன. நாங்கள் பார்க்கிற பங்கு விலை இப்படிக் குதிக்காது. அது ஆப்ஷன். இந்த வாரத்துக்குள் சந்தை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிற சமாச்சாரம். சொன்னது பலித்தால் பல மடங்கு, பலிக்காவிட்டால் போட்டது போச்சு. என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார். "வேலையைப் பாரு, போ" என்றார். அடிக்குரல் இல்லை, தொண்டையிலிருந்து வந்த குரல்.

டீக்கடைக்கு வந்து சொன்னேன். உப்பு ஏற்றிக்கொண்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த முருகேசன் கிளாஸை வைத்தான். "இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் லாரியை எடுத்தான்.

வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. உள்ளே எண் நிலைகொள்ளாமல் ஆடியது.

"ஏலே, அணை" என்றார் அண்ணாச்சி, ஜன்னல் வழியாக.

முருகேசன் இறங்கவும் இல்லை. "நீங்க மொதல்ல அணைங்க அண்ணாச்சி."

"என்னலே சொல்லுத?"

"உங்க இன்ஜினை. போனை டிராயர்ல வைங்க. நான் இங்கனயே நிக்கேன்."

பின்னால் மூன்று லாரிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. இந்த முறை கையைக் காட்டி அடக்க அண்ணாச்சிக்குத் தெம்பில்லை. முருகேசனைப் பார்த்தார், வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். போனை டிராயரில் போட்டு மூடினார். இன்ஜின் நின்றது. எண் ஆடி அடங்கியது.

செலின் அக்கா டிபன்பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். தயிர்ச்சோறும் நெத்திலிக் கருவாடும். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். மதினிக்கு இருதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், மதுரையில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸில் பாதிதான் வரும் என்கிறார்கள். மீதியைத் தேற்ற ஆப்ஷனில் இறங்கி, கையில் இருந்ததில் பாதியைத் தொலைத்திருக்கிறார். மிச்சத்தை அன்று சந்தை மூடுவதற்குள் போடுவதாக இருந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் செலின் அக்கா.

"எல்லாருக்கும் நான்தான சொல்லுதவன். எனக்கு யாருகிட்டப் போய்ச் சொல்லணும்னு தெரியலளா."

பிள்ளைக்குப் பீஸ், வண்டிக்குத் தவணை என்று எங்கள் கவலைகளை எல்லாம் அந்த மேடையில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறோம். அவர் சுமையை இறக்க ஒரு மேடை வேண்டுமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நடந்தவற்றில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்ஷூரன்ஸ் காகிதங்களை நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு சான்று இணைக்காமல் விட்டிருந்ததால்தான் தொகை குறைந்திருந்தது. காகிதத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் அன்று ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. செலின் அக்காவிடம் அந்த மாதம் சீட்டெடுக்க வேண்டியவள் ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிற ஒரு பெண். கேட்டதும் தன் முறையை விட்டுக்கொடுத்தாள். அப்போதும் கொஞ்சம் குறைந்தது. முருகேசன் வந்து அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து, நிதானமாக இரண்டு வடை தின்றான். லாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். போனைத் திறந்தான்.

"என்னலே செய்யுத?"

"விக்கேன்."

"ஏறப்போற நேரம்லே. நட்டத்துக்கு விக்காத."

"சாப்பிட்டாச்சு. உங்ககிட்டச் சொல்லியாச்சு. இன்ஜினையும் அணைச்சாச்சு. வேற என்ன சட்டம் இருக்கு, சொல்லுங்க."

அண்ணாச்சியிடம் வேறு சட்டம் இல்லை. முருகேசன் விற்றான். அந்தத் தகரக் கொட்டகையில் யாருமே பதறாமல் பங்கு விற்று நான் பார்த்தது அன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முருகேசன் விற்ற பங்கு, விற்ற கையோடு ஏற ஆரம்பித்தது. அண்ணாச்சிக்கு அது தாங்கவில்லை. தினமும் லாரியை நிறுத்தி விலை சொல்லுவார்.

"இன்னைக்கு வித்திருந்தா எவ்வளவு தெரியுமா?"

"மதினி எப்படி இருக்காவ?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. உப்பில்லாம குழம்பு வச்சு என்னையக் கொல்லுதா."

"அப்ப லாபந்தான் அண்ணாச்சி. எடைச்சீட்டைப் போடுங்க, நேரமாச்சு."

உப்பில்லாக் குழம்பைத் தின்றே அவர் பழையபடி எண்பதுக்கு வந்துவிட்டார். மிஷின் தானாகவே சரியாகிவிட்டது என்று உப்புக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு மாற்றலாகி இப்போது சென்னையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் சந்தை தலைகுப்புற விழுந்தது. ஆபீஸில் எல்லோரும் போனை வெறித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏலே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன். போனை வைத்ததும் எழுந்து சாப்பிடப் போனேன். அவரிடம் சொன்ன பொய்யைப் பொய்யாகவே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.