செகண்டு காவல் காத்த காய்ச்சல்

என் மேல் உள்ள பாசத்தால்தான் செகண்டு என் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் நம்பினேன். நாற்பத்தெட்டு வயது ஆள் இப்படி நம்புவதற்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் வேண்டும். எனக்கு இருந்தது.

திருப்பதியில் எதையும் முதலில் செய்யாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது செகண்டுதான். நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் அவர் எலக்ட்ரீஷியன். இயற்பெயர் முதலாளிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். லாட்ஜுக்குப் புது லிஃப்ட் வந்தபோது, ஏறியவர்கள் எல்லாரும் முழுசாக இறங்குகிறார்களா என்று ஒரு மாதம் கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். தம்பிக்குக் கல்யாணமாகி, அவன் ஒரு வருஷம் உடம்பு இளைக்காமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தானும் பெண் பார்க்கச் சம்மதித்தாராம். மின்சாரத்திலும் இதே கொள்கை. மெயினை அணைத்தாயிற்று என்று சொன்னால் போதாது. "நீ ஒரு தபா தொடு மேனேஜரே" என்பார். நான் தொடுவேன். பார்த்துக்கொண்டு நிற்கும் யாத்ரீகர்கள் என்னைத்தான் எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, அறையில் ஃபேன் சுற்றவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நாங்கள் இருவரும் லாட்ஜ் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பாடு. அங்கேயும் நான் முதல் இட்லியை விழுங்கி, கொஞ்ச நேரம் கண் செருகாமல் இருந்தால்தான் அவர் இலையில் கை வைப்பார்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி போடத் தொடங்கியிருந்த பங்குனி மாதம் அது. யுகாதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இருவரும் ஒன்றாகத்தான் போனோம். எனக்கு ஊசி ஏறியது. செகண்டு என் முகத்தைப் பார்த்தார். "நான் அப்பறம் வர்றேம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். காய்ச்சல் வரலாம், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று அந்த நர்ஸ் தெலுங்கில் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. மயங்கி விழாமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சனிக்கிழமை விடியும்போது கை கனத்தது. எலும்புகள் தனித்தனியாக வலித்தன. பண்டிகைக்கு லாட்ஜ் ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். யாத்ரீகர் கூட்டமும் இல்லை. தெருவில் ஓர் ஆட்டோ சத்தம்கூட இல்லை. திருப்பதி இவ்வளவு அமைதியாக இருக்கிறதென்றால் நான் ஏற்கெனவே பாதி வழி போய்விட்டேன் என்று முடிவு செய்தேன். போர்வையை இழுத்துக்கொண்டு, எதிரே நாற்காலியில் இருந்த செகண்டிடம் கடைசி ஆசைகளைச் சொல்லத் தொடங்கினேன்.

"அண்ணா, என் பைக்கை மட்டும் மச்சான் கையில குடுத்துடாதீங்க."

"அத்த அப்பறம் பாக்கலாம். கண்ணு மங்கலா கீதா?"

"ஆமாண்ணா."

"எப்பத்துலேர்ந்து?"

"கண்ணாடியைக் கழட்டினதுலேர்ந்து."

"நாக்க நீட்டு."

நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு கரிசனம் என்று நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அப்போது அவர் போன் அடித்தது. சித்தூரில் இருக்கும் மகள் ஜோதி. செகண்டுக்குப் போனைக் காதில் வைப்பதில் நம்பிக்கை கிடையாது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா, ஊசி போட்டுக்கினியா இல்லியா?"

"பாத்துகினு கீறேம்மா. மேனேஜரு போட்டுகினு படுத்துனு கீறான். இவனுக்கு இன்னா ஆவுதுன்னு தெரிஞ்சப்பறம் நான் போட்டுக்கறேன்."

"அவருக்கு ஆனா உனக்கும் ஆவுமா?"

"ரெண்டு பேரும் வருசக்கணக்கா ஒரே மெஸ்ஸுல துன்றோம். ரெண்டு ஒடம்பும் ஒண்ணுதாம்மா."

"இப்ப எப்பிடி கீறாரு?"

செகண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உசுரு கீது. மூஞ்சி சரியில்ல."

ஜோதியின் குரல் இறங்கியது. "பச்சப் புள்ள நைனா. நீ ஊசி போட்டுக்காம நான் தூக்கக் குடுக்க மாட்டேன். போன தபா மாதிரி கேட்டாண்ட நின்னு பாத்துட்டுப் போ."

அவருக்கு அது முதல் பேரன். போன வாரம் சித்தூர் வரை பஸ்ஸில் போய், கேட்டுக்கு வெளியே நின்று, வாசற்படியில் ஜோதி தூக்கிக் காட்டிய துணிமூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, "மூக்கு தெரிஞ்சிது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு விஷயம் விளங்கியது. இந்த அறையில் நான் நோயாளி இல்லை, பரிசோதனை எலி. கோபமாக வந்தது. ஆனால் நான் இன்னும் ஒருமுறை முனகினால் அந்த மனுஷர் பேரனின் மூக்கோடு நின்றுவிடுவார். மரணப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்லண்ணா."

"இப்பத்தான பைக்கு, மச்சான்னு பொலம்பினே?"

"சும்மா தமாசு."

"பல்லு இன்னாத்துக்கு அடிச்சிக்குது?"

"ஃபேன் காத்து."

"கரண்டு போயி அர மணி ஆவுது."

மறுநாள் நான் நடித்த நடிப்பைப் பார்க்க ஒரே ஒரு ரசிகர், அவரும் லேசில் நம்பாதவர். மெஸ்ஸில் வாய் கசக்கக் கசக்கப் பூரி தின்று, பிரமாதம் என்றேன். ஊசி போட்ட கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கண்ணில் வந்த தண்ணீருக்குக் கிழங்கில் இருந்த மிளகாயைக் காரணம் காட்டினேன். "இந்த ஏணிய மூணாவது மாடிக்கு எடுத்துனு போ, பாக்கலாம்" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே வந்தவர், "மேல வேல ஒண்ணும் இல்ல. எறக்கிடு" என்றார். இறக்கினேன். பிறகு கட்டிலில் விழுந்தவன் சாயங்காலம்தான் கண் விழித்தேன். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. காய்ச்சல் நிஜமாகவே போயிருந்தது. நம்பாமல் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்தேன். நான் தொட்ட பிறகு அவரும் தொட்டார்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பிப் போனோம். "எவரிக்கி?" என்று யாருக்கு ஊசி எனக் கேட்டார் அதே நர்ஸ். செகண்டு என்னைக் காட்டினார். இவருக்குத்தான் அன்றைக்கே போட்டோமே என்று நர்ஸ் சிரித்தார். வேறு ஆள் கிடைக்குமா என்று செகண்டு வாசல் வரை பார்த்தார். யாரும் இல்லை. பிறகு சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு, கண்ணை மூடி, என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தியது அவரை. கத்தியது நான். அப்படி ஒரு பிடி.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு வந்தது அந்த நர்ஸ் சொன்ன சாதாரணக் காய்ச்சல். சொன்னபடி வந்தது, சொன்னபடி போனது. அவருக்கு அதுவும் வரவில்லை. மருந்தில் சத்து இல்லையோ என்று இரண்டு நாள் படுத்துப் பார்த்தார். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் போகட்டும் என்று ஜோதி வைத்த கெடு கழிந்ததும் சித்தூருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேரனை மடியில் வாங்கிக்கொண்டவர், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை யார் கையிலும் கொடுக்கவில்லை.

நானும் கேட்கவில்லை.