ரோஜாப்பூவுக்கு நடுவே பேச்சியம்மாள்

மனிதர்களைப் பேச வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். (வீட்டில் நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.) வேலையிடத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேச, செல்போன் செயலி வடிவமைப்பது தொழில். சென்னை வேலை போய்க் கோவில்பட்டிக்குத் திரும்பியபோது கிடைத்த ஒரே வாடிக்கையாளர் என் அண்ணன். அவனுடைய தீப்பெட்டி ஆபீஸ்.

எல்லாருடைய போனிலும் செயலியை ஏற்றினேன். திறந்து பார்ப்பார்கள், ஒரு சொல் எழுதமாட்டார்கள். பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டே மழையையும் மருமகளையும் சேர்த்து வைகிற பெண்கள், செயலிக்குள் வந்ததும் ஊமையானார்கள்.

“ஏட்டி, மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஒருத்தரும் பேசலைன்னா கழட்டிருவேன்” என்றான் அண்ணன். கழன்றால் எனக்குப் பிழைப்பு இல்லை.

யோசித்தேன். சில நாள் செயலியை எட்டிப் பார்க்காத ஒருவரை மற்றவர்கள் அன்போடு தேடவேண்டும். அவர் படம் எல்லாருக்கும் தானாகப் போகும். மொட்டையாகப் போனால் அழகில்லையே என்று படத்தைச் சுற்றி ரோஜாப்பூ வரைந்தேன். தீப்பெட்டி ஊராயிற்றே, அடியில் அசைகிற ஒரு சின்னச் சுடர். முடித்துவிட்டு நானே கண்கலங்கினேன். (ஏன் கலங்கியது என்று அப்போதே யோசித்திருக்கலாம்.)

மறுநாள் காலை, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று காட்ட என் கணினியில் படுத்தே கிடந்த கோடு எழுந்து நின்றது. எல்லாரும் எழுதுகிறார்கள்! கரிசலில் முதல் மழை விழுந்த வாசம் அந்தக் கோட்டிலிருந்து வந்தது. என்ன எழுதுகிறார்கள் என்று வாசிக்கத் தோன்றவில்லை.

அண்ணன் போன் செய்தான். “ஏட்டி, பேச்சியம்மா போயிட்டாளாம். மாலை வாங்கிட்டேன், புறப்படு.”

பேச்சியம்மாள், பெட்டி அடைக்கிற அக்கா. (பெயரில் மட்டும்தான் பேச்சு.) காரில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, “யார் சொன்னா?” என்றேன்.

“உன் செயலியிலதான்ட்டி வந்துச்சு” என்று போனை நீட்டினான்.

அடையாள அட்டைக்கு எடுத்த சிரிக்காத முகம். சுற்றிலும் ரோஜா. அடியில் சுடர் நின்று நிதானமாக எரிந்தது. உயிரோடிருப்பவர் படத்துக்கு எங்கள் ஊரில் யாராவது பூ வைப்பார்களா? பேச்சியம்மாளின் ஊரான பசுவந்தனை வரை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸ் வேன் முன்பே வந்திருந்தது. பூட்டிய வீட்டு வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்போது தலையில் உளுந்துச்செடிக் கட்டோடு, காலெல்லாம் கரிசல் புழுதியோடு, புஞ்சையிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கட்டைப் போட்டுவிட்டு, “ஐயோ, என் வீட்ல யாருக்கு என்னாச்சு?” என்று அவரும் அழ உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்தவள் அவர் தோளிலேயே சாய்ந்து, “நம்ம பேச்சியக்கா போயிட்டாவளே!” என்றாள். பிறகு நிமிர்ந்து யார் தோள் என்று பார்த்தாள். அந்த அலறல் எட்டயபுரம் வரை கேட்டிருக்கும்.

விஷயம் வெளிவந்ததும் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் என்னை வைதார்கள். கைவிடப்பட்ட மாலையை ஓர் ஆடு நிதானமாகத் தின்றது. நான் காருக்குள் ஒளியப் போனேன்.

“தாயி, இங்கன வா” என்றார் பேச்சியம்மாள். “என்னயப் பத்தி என்னமோ எழுதியிருக்காவளாம்ல. வாசி.”

வாசித்தேன். தன் மகள் பிரசவத்துக்குப் பேச்சியக்கா கஞ்சி கொண்டுவந்ததை ஒருத்தி எழுதியிருந்தாள். “எனக்கு வாந்தி வரும்னு வேன்ல ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பா” என்று இன்னொருத்தி. அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இத நான் இருக்கையிலயே சொன்னா என்னட்டி?”

“இப்பவும் இருக்கியளே அக்கா!” என்றேன்.

என் போனை வாங்கி, வாயருகே வைத்து, முதன்முதலாகச் செயலியில் பேசினார்: “நான் இருக்கேன். நாளைக்கு வாரேன்.”

அன்று தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. “செயலி கிடக்கட்டும். பூவ மட்டும் எடுத்துரு” என்றான் அண்ணன்.

இன்றும் அண்ணன் மனைவி, என் மதினி, கூப்பிட்டு நான் போன் எடுக்காவிட்டால், குடும்பக் குழுவில் என் படத்தை அதே ரோஜாப்பூவோடும் சுடரோடும் அனுப்பிவிடுவார். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு உடனே பதில் சொல்லியாக வேண்டும்:

“நான் இருக்கேன். நாளைக்கு வாரேன்.”