கூலிங்காரரின் ஒற்றை ஃபேன்

உலகத்திலேயே பெரிய கல்நெஞ்சக்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் கூலிங்காரர். இளம்பிள்ளையில் புடவைக்கு டிசைன் போட்டுத் தரும் சின்னக் கடையின் முதலாளி. கம்ப்யூட்டர் சூடாகிவிடுமே என்ற ஒரே கவலையில் வாழ்ந்த மனுஷர் என்பதால் அந்தப் பெயர். அதில் டிசைன் வரைகிற வேலை எனக்கு. வேர்வையில் நனைகிற வேலையும் எனக்குத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும், பஞ்சு பறக்கும். மேலே ஃபேன் சுற்றினால் பஞ்சு கம்ப்யூட்டருக்குள் போய்விடுமாம். சீலிங் ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். மிச்சமிருந்த ஸ்டாண்டு ஃபேன் கம்ப்யூட்டருக்கு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எனக்கு ஒரு காலண்டர் அட்டை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஃபேனை என் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். பாய்ந்து வந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, அதுக்குச் சூடேறாதா?"

"எனக்கும் ஏறுதுங்களே!"

"உனக்கு வேர்க்குது, ஆறிக்குவே. அதுக்குப் பாவம், வேர்க்கத் தெரியாது. தள்ளி உக்காந்து மூச்சு உடு. உன்ற மூச்சே அனலாட்டம் வருது."

இத்தனை உபசாரம் செய்தும் அது அடிக்கடி தானாக அணைந்துபோகும். கடைசியில் சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார்.

"புராசசர் மேல அலுமினியக் கட்டை இருக்குது பாருங்க, இதான் ஹீட்சிங்க். புராசசர் சூட்டை வாங்கி இந்தத் தகடுக வழியா வெளிய உடும். தகடுக்கு நடுவுல மெத்தையாட்டம் பஞ்சு அடைச்சிருக்குது. எல்லாம் உங்க ஸ்டாண்டு ஃபேன் தள்ளுனதுங்க!"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பஞ்சை எடுத்துவிட்டு, புராசசருக்கும் கட்டைக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்துவிட்டது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். நாளை வரை பொறுக்கிற ஆளா நம்மவர்? வீட்டுக்கு ஓடிச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"ஐயோ, சந்தனமுங்களா?"

"குளிர்ச்சிக்கு இத உட்டா வேறென்ன இருக்குது சாமி?"

சூட்டைக் கட்டைக்குக் கடத்தத்தான் பேஸ்ட், இது காய்ந்து உதிர்ந்துவிடும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்? அவரே தடவிப் பெட்டியை மூடினார். மெக்கானிக்கையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு தறிக்காரரின் கல்யாணப் புடவை டிசைனுக்கு ஆர்டர் வந்தது. சாயங்காலத்துக்குள் கொடுத்தால் வருஷம் முழுக்க அவர் வேலை எங்களுக்கு. இல்லையென்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மத்தியானம், முந்தானை பாதி முடிந்திருந்தபோது, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சரிந்துவிட்டேன்.

கண் திறந்தபோது முகத்தில் காற்று. ஸ்டாண்டு ஃபேன் என்னைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. கூலிங்காரர் என் காலண்டர் அட்டையால் கம்ப்யூட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது திரை கறுத்தது.

"ஃபேனை அங்க திருப்புங்க!" என்று எழப் போனேன்.

"அது கெடக்குது. நீ படு சாமி."

அது அப்புறம் எழவே இல்லை. ஆர்டர் போயிற்று, கடை போயிற்று, என் பிழைப்பும் போயிற்று. படுபாவி, அந்தச் சந்தனத்தை மட்டும் தடவாமல் இருந்திருக்கலாம்.

இப்போது சேலத்தில் ஏ.சி. ஆபீசில் இருக்கிறேன். போன மாதம் தலை சுற்றுகிறது என்றேன். வேலையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அத்தனை குளிரில் உட்கார்ந்து, கூலிங்காரரை நினைத்து அழுதேன்.