ஒரு தொன்மைப் பாட்டாளி தேவை

இங்கிலாந்தின் ஹார்க்டன் நகரசபை யாருக்கும் தீங்கு நினைத்து எந்த முடிவையும் எடுத்தது கிடையாது. பழைய பஞ்சாலைக்குப் பின்னால், உழைப்பாளிகள் ஆளுக்கொன்றாக வைத்துக் காய்கறி போட்டுவந்த தோட்டத் துண்டுகளைப் பற்றிய முடிவும் ஏழைகளின் நலன் ஒன்றையே கருத்தில் கொண்டு, முறைப்படி முன்மொழிந்து, முறைப்படி வழிமொழிந்து, தேநீருக்குப் பிறகு எடுக்கப்பட்டதுதான்.

ஆலை எப்போதோ நின்றுவிட்டது. கட்டடத்துக்குள் சுவர் எழுப்பி வீடுகளாக்கியதும், வக்கீல்களும் பல் வைத்தியர்களும் வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்கள். குடியேறிய நாளிலிருந்து அவர்களுக்கு உழைக்கும் வர்க்கத்தின் மேல் தாங்க முடியாத பாசம். அந்தக் காலத் தொழிலாளிகளின் தட்டைத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். எலும்பு தெரிகிற வேட்டை நாய் வளர்த்தார்கள். வெந்நீர்க் குழாய் வைத்த குளியலறையை இடித்துவிட்டு, கணப்படுப்புக்கு முன்னால் தகரத் தொட்டி போட்டு, முழங்கால் முகவாயில் இடிக்க இடிக்கக் குளித்தார்கள். மாட்டுக் குடலையும் வெங்காயத்தையும் பாலில் வேகவைத்துக் கூரை ஓட்டின் மேல் பரிமாறுகிற ஓட்டலில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இத்தனை இருந்தும் ஒரு குறை. தோண்டுவதற்கு மண் இல்லை. மண்ணெல்லாம் ரெஜ் ஆர்மராட் மாதிரி ஆட்களிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

ரெஜ் நகரசபைக் குப்பை வண்டியில் வேலை பார்க்கிறவன். அவன் அப்பா வைத்திருந்த துண்டில் இப்போது அவன், வெங்காயத் தாள் மாதிரியான லீக்ஸ் வளர்க்கிறான். சூப்பில் போடுகிற விரல் பருமன் லீக்ஸ் இல்லை; கண்காட்சி லீக்ஸ், ஒவ்வொன்றும் தொடைப் பருமன். வெயில் படாமல் வெளுக்கக் குழாயில் நுழைத்து, பீர் ஊற்றி, நத்தையைக் கையால் பொறுக்கி வளர்ப்பது. இதுவரை ஒவ்வொரு செப்டம்பர் கண்காட்சியிலும் அவனுக்கு இரண்டாம் பரிசுதான். இந்த வருஷம் கோப்பை நிச்சயம் என்று எதிரிகளே ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி பெரிலுக்கு மட்டும், வீட்டு பீரெல்லாம் மண்ணுக்குப் போவதில் வருத்தம்.

இந்த நேரத்தில்தான் ஆலைவாசியான வக்கீல் ரூபர்ட் ஃபேன்ஷா ஒரு பழைய பத்திரத்தைக் கண்டெடுத்தார். விக்டோரியா ராணி காலத்து ஆலை முதலாளி, அந்த நிலத்தை ‘உடலுழைப்பால் பிழைக்கும் நேர்மையான ஏழைகளுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும்’ எழுதி வைத்திருந்தார். நகரசபை உடனே சுற்றறிக்கை விட்டது. அறக்கட்டளையின் புனித நோக்கம் காக்கப்படும் பொருட்டு, தோட்டக்காரர் ஒவ்வொருவரும் பத்திரம் எழுதப்பட்ட காலத்தில் வாழ்ந்த தம் உழைப்பாளி மூதாதை ஒருவரை ஆவணப்பூர்வமாக முன்னிறுத்த வேண்டும். தவறினால் ஆகஸ்ட் முடிவில் துண்டு, அதில் விளைந்தவை உட்பட, தகுதியுடையோருக்கு மாற்றப்படும்.

‘விளைந்தவை உட்பட’ என்ற இடத்தை ரெஜ் இரண்டு தடவை படித்தான். குப்பை வண்டிச் சட்டையோடு நேராக நகரசபைக்குப் போனான். அங்கே இதற்கென்றே புதிதாக ஒரு அறை, அறைக்குள் இமோஜன் டாட்டர்சல். கதவில் ‘தொன்மை உழைப்பாளர் தகுதிச் சான்று அலுவலர்’ என்ற பலகை மாட்டியிருந்தது. கதவு சின்னது என்பதால் பலகை இரண்டு பக்கமும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது.

“நானே தொழிலாளிதாம்மா. உங்க ஆபீஸ் குப்பையையே நான்தான் அள்றேன்,” என்றான் ரெஜ்.

“நீங்க தற்காலத் தொழிலாளி, கண்ணு,” என்றாள் இமோஜன் கனிவாக. “எங்களுக்கு வேண்டியது தொன்மைத் தொழிலாளி.”

“எங்கப்பா சாயப்பட்டறையில உழைச்சு நுரையீரலே போச்சு.”

“ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அவரும் அண்மைக் காலம்தான்.”

அம்மா வழியில் தேடலாமா என்று கேட்டான். கூடாதாம், குடும்பப் பெயர் வந்த வழி மட்டும்தானாம். எல்லா வழியிலும் தேட விட்டால் இங்கிலாந்தில் இருக்கிற அத்தனை பேரும் தகுதி பெற்றுவிடுவார்கள், அப்புறம் இந்த அறைக்கே வேலை இருக்காது என்று அவள் விளக்கினாள். ரெஜ்ஜுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நூலகத்தில் பழைய பதிவுகளைப் பார்க்கும் இடம் திருவிழாபோல் இருந்தது. ஆலைவாசிகள் முழுக் குடும்பமாக வந்து, சோற்று மூட்டை கட்டி வந்து, ஆளுக்கொரு ஏழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாருக்காவது கிடைத்துவிட்டால் மற்றவர்கள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். பல் வைத்தியர் ஒருவரின் முப்பாட்டி நூற்பு இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்தவள் என்று தெரியவந்ததும் அவர் கேக் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். விரல்களோடு செத்துப்போன பாட்டி கிடைத்த ஒரு அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

ஃபேன்ஷாவின் ஏழையை யாரும் நெருங்க முடியவில்லை. ஏழை விடுதி வாசலில் அனாதையாகக் கிடந்து, விடுதி மேலாளர் வாய்க்கு வந்த பெயரைப் பெற்று வளர்ந்து, டர்னிப் கிழங்கு திருடிச் சிறை போன மனிதர். சிறைப் பதிவில் அவர் உயரம், தழும்பு, எழுதப் படிக்கத் தெரியாதது, செய்த கூலி வேலை எல்லாம் துல்லியமாக இருந்தன. அரசாங்கம் ஒரு ஏழையை உற்றுப் பார்த்தது அவன் திருடிய அன்று மட்டும்தான். திருடாத ஏழைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ரெஜ்ஜின் எள்ளுத்தாத்தா ஈனாக் ஆர்மராட் திருடவில்லை. பின்சந்துக் கழிப்பிடங்களின் தொட்டிகளை அள்ளி, வண்டியில் ஏற்றி, வயல்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டியவர். காற்று திரும்பினால் ஈனாக் வருகிறார் என்று ஊருக்கே தெரியும் என்பார் ரெஜ்ஜின் அப்பா. ஆனால் காற்றை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பதிவு செய்தது, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீட்டு வாசலுக்கு வந்த எழுத்தர். அவர் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுகிற தூரத்தில் நின்றிருக்க வேண்டும். ஈனாக் ‘மண்வள வணிகர்’ என்று பதிவாகியிருந்தார். அடுத்த கணக்கெடுப்பில் வெறும் ‘வணிகர்’. அதற்கடுத்ததில் ‘சொந்த வருமானத்தில் வாழ்பவர்’. கடைசியில் மகன் கல்யாணம். மாதா கோயிலில் பாதிரியார் அப்பாவின் தொழிலைக் கேட்டு எழுதும்போது, சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு படி ஏற்றிச் சொல்வது அந்த ஊர் வழக்கம். மகன் நாலைந்து படியை ஒரே மூச்சில் ஏறியிருந்தான். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கனவான்’ என்று இருந்தது.

ரெஜ் அதைப் பார்த்ததும் பதறியிருக்க வேண்டும். பதறத்தான் நினைத்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் குப்பை அள்ளியவனுக்குத் திடீரென்று கனவான் ஒருவர் தாத்தாவாகக் கிடைத்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் தன் கல்யாணத்துக்குக் கட்டிய டையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு மதுக்கடைக்குப் போனான்.

“கனவான் அவர்களே, போறப்போ அந்தக் குப்பைத் தொட்டியை வெளிய வச்சுட்டுப் போங்க,” என்றாள் பெரில்.

மதுக்கடையில் எல்லாருக்கும் அவன் செலவில் பீர். எங்கள் வம்சம் வேறு, ஏதோ கெட்ட காலத்தில் குப்பை வண்டி ஏறிவிட்டோம் என்றான். குரலை மாற்றிக்கொண்டு சிரித்தான். சீமான்கள் தேநீர் குடிக்கிற தோரணையில் சுண்டுவிரலை நீட்டிக் கோப்பையைப் பிடித்தான். தட்டைத் தொப்பி போட்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஃபேன்ஷா அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவ்வளவையும் குறித்துக்கொண்டார்.

விடிந்து போதை தெளிந்ததும்தான் லீக்ஸ் ஞாபகம் வந்தது. கனவான் வம்சத்துக்குத் துண்டு கிடையாது என்று நகரசபைக் கடிதம் வந்ததும் மேல்முறையீடு செய்தான். விசாரணை அறையில் மூன்று உறுப்பினர்கள், ஒரு தண்ணீர்க் கூஜா, இமோஜன்.

தாத்தா பொய் சொல்லிவிட்டார், உண்மையில் அள்ளினது வேறு என்று ரெஜ் கூசாமல் எடுத்துச் சொன்னான்.

“பொய் சொன்னதுக்காகத் தண்டனை வாங்கின பதிவு ஏதாவது இருக்கா, கண்ணு?” என்று கேட்டாள் இமோஜன்.

“மாட்டலைம்மா.”

“மாட்டலைன்னா அது உண்மைன்னுதான் நாங்க எடுத்துக்கணும்.”

“அவரு கை பூரா நாத்தம். ஊரே மூக்கைப் பொத்திச்சு. உங்களுக்கு வேற என்ன வேணும்?”

“சரி, பொய்தான்னு வச்சுக்குவோம். பத்திரத்துல நேர்மையான ஏழைன்னு இருக்கே. அரசாங்கத்துக்கிட்டயே பொய் சொன்னவர் எப்படி நேர்மையானவர் ஆவார்?”

அப்படியானால் டர்னிப் திருடினவர் நேர்மையா என்று ரெஜ் கேட்டான். அவர் தண்டனை அனுபவித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார், ஈனாக்கின் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு ஃபேன்ஷா, மிகுந்த மனவேதனையோடு, மதுக்கடையில் நடந்ததைச் சாட்சி சொன்னார். சுண்டுவிரல் உட்பட.

ஆகஸ்ட் முடிவில் பிரபுத்துவப் பின்னணி கொண்ட குப்பை வண்டிக்காரன் ரெஜ்ஜிடமிருந்து நிலம் மீட்கப்பட்டு, பாட்டாளி ஃபேன்ஷாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ரெஜ்ஜின் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் அதே கதிதான். அந்தத் தெருவில் ஒருவருடைய தாத்தாகூட உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

ஃபேன்ஷா ஒரு காலை முழுக்கத் தோண்டினார். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு கோணலாக நடந்து ரெஜ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“லீக்ஸ் கொஞ்சம் மஞ்சளாகுதுப்பா,” என்றார். “தண்ணி ஊத்தணுமா, கூடாதா?”

அடியிலா நுனியிலா என்று ரெஜ் கேட்டான். கூலிக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஃபேன்ஷா கேட்டார். பரிசு கிடைத்தால் கோப்பை நிலத்துக்கு உரியவருக்கு என்பதையும் வக்கீல் முறையில் தெளிவாக்கினார்.

“மானம் கெட்டுப் போய் நிக்கப் போறியா அங்க?” என்றாள் பெரில்.

“மஞ்சளாகுதாம், பெரில்,” என்றான் ரெஜ். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மற்ற ஆலைவாசிகளின் முதுகும் அதே மாதிரிதான் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் பழைய தோட்டக்காரர்கள் எல்லாரும் அவரவர் பழைய துண்டில் கூலிக்குக் குனிந்திருந்தார்கள். நகரசபை இதைக் கண்டு நெகிழ்ந்துபோனது. ஈனாக்குக்கு நேர்ந்த அநீதி இனி எந்த ஏழைக்கும் நேரக்கூடாது என்று தீர்மானம் போட்டு, தற்கால உழைப்பாளர் பதிவேடு ஒன்றைத் திறந்தது. இமோஜன் மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டாள்.

“இதுல தொழில் என்னன்னு உங்க கையாலயே எழுதிடுங்க,” என்றாள். “இனி யாரும் சந்தேகப்பட முடியாது. பின்னால உங்க எள்ளுப்பேரன் வந்து நின்னா, மண்ணு அவனுக்குத்தான்.”

வரிசையில் ரெஜ்ஜுக்கு முன்னால் நின்ற பக்கத்துத் துண்டுக்காரன் குனிந்து ‘மண்வளப் பொறியாளர்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான். அடுத்தவன் ‘காய்கறி மேம்பாட்டு இயக்குநர்’. இமோஜன் ஒவ்வொன்றையும் மரியாதையோடு முத்திரை குத்தி வாங்கினாள்.

ரெஜ் பேனாவை வாங்கினான். நகத்திடுக்கில் மண் இருந்தது. ‘கூலியாள்’ என்று எழுதத்தான் நினைத்தான். முதல் எழுத்தைப் போடப்போகும்போது, பின்னால் நின்றவன் தோள் வழியாக எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

‘தோட்டக்கலை ஆலோசகர்’ என்று எழுதினான். காகிதத்தைக் கொடுக்கப் போனவன், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ‘முதுநிலை’ என்று சேர்த்தான்.