லவுஞ்ச் சோபாவைப் பழித்த வாய்

நீலக்கோட்டு போட்டுக்கொண்டு விமான நிலைய லவுஞ்ச் வாசலில் உட்கார்ந்திருந்தீரே ஐயா, உம்மைத்தான் சொல்கிறேன். என் வீட்டு முன்னறை என் கையைவிட்டுப் போனதற்கு நீர்தான் காரணம். பின்னால் திரும்பி யாரைப் பார்க்கிறீர்? உம்மைத்தான்!

மற்றவர்களுக்கு விவரம் தெரியாது. சொல்கிறேன், கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

நான் பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் துரத்திவிட்டது. மிச்சப் படிப்பை ஏலக்கடைகள் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தன. ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். அதில் உட்கார்ந்தவர் நிம்மதியாக உட்கார்ந்தாரா, கடன்காரனுக்குப் பயந்து நுனியில் உட்கார்ந்தாரா என்றுகூடச் சொல்லிவிடுவேன். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். கடையில் அது எடுபடும். வீட்டில் எடுபடாது.

கடையில் வழிகிற சரக்கெல்லாம் வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். என் மனைவிக்கு அந்த அறையில் தையல் வகுப்பு நடத்த வேண்டுமென்று நெடுநாள் ஆசை.

“வந்தவங்க உட்கார ஒரு இடமில்லைங்க இந்த வீட்டுல.”

“ஏன், பதினோரு சோபா கிடக்கே!”

“ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கியிருக்கீங்க. ஏணி வச்சா ஏறி உட்காருவாங்க?”

இந்த வழக்கு இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான், மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பினோம். நடுவில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்கு அரைநாள் காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருப்பவர்கள் சாய்ந்து உட்கார இரண்டு லவுஞ்ச். ஒன்று, விமானக் கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் திறந்தது. இன்னொன்று, வங்கி அட்டையைக் காட்டினால் உள்ளே விடுகிற புதுசு.

“பழசுதான் ராஜா” என்றேன்.

“புதுசுதான் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றாள்.

“பந்தயமா?”

“பந்தயம்தான். பழசு ஜெயிச்சா முன்னறை உங்களுக்கு. இனிமே வாயே திறக்க மாட்டேன். புதுசு ஜெயிச்சா எனக்கு.”

முப்பது வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. வாயே திறக்க மாட்டாளாம்!

“தீர்ப்பு யார் சொல்றது?”

“நம்ம பொண்ணு. போன்ல கேட்டுக்கிட்டே இருக்கட்டும். எந்த லவுஞ்ச் மேல குறை அதிகமா வருதோ, அது தோத்தது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குறை சொல்வது என் குலத்தொழில் மாதிரி. என்னிடமே குறை சொல்லும் போட்டியா!

முதலில் புதுசுக்குப் போனோம். வாசலில் வரிசை. உள்ளே இடம் பிடிக்க இன்னொரு வரிசை. நான் வாயைத் திறந்தேன், மூடவில்லை. “நாற்காலியா இது? பிளாஸ்டிக் முக்காலிக்கு முதுகு முளைச்சிருக்கு. கைப்பிடி எங்கே? போனுக்குச் சார்ஜ் ஏத்த ஓட்டை போட்டவன், மனுஷன் கையை வைக்க இடம் விடலியே!” மனைவி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஜூஸை உறிஞ்சிக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்ட போனை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எல்லாம் எண்ணிட்டேன்” என்றாள் மகள்.

அடுத்ததற்கு நடக்கிற வழியில் மனைவிக்குச் சரித்திரம் சொன்னேன். நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கழித்துக்கட்டிய லவுஞ்ச் சாமான்களை வாங்கி வாங்கி, அடிப்பக்கத்தில் படித்தது.

“ஆரம்பத்துல லவுஞ்சுக்குப் பேர்ப்பலகையே கிடையாது. யாரை உள்ளே விடணும்னு கம்பெனிக்காரனே பார்த்துக் கூப்பிடுவான். பெரிய மனுஷங்க மட்டும். சோபா அசல் தோல். உட்கார்ந்தா எழுப்ப ஆள் வேணும். அப்புறம், அவனுக்கு மட்டும் ஏன்னு மத்தவன் கேட்டான். சரி, காசு கட்டி உறுப்பினர் ஆயிக்கோன்னுட்டாங்க. தோல் போய்த் துணி வந்துச்சு. இப்போ அட்டை வச்சிருக்கிற எல்லாரும் உள்ளே. துணியும் போயிடுச்சு. கதவு அகலமாக அகலமாக, சோபா ஒல்லியாயிடுச்சு.”

“அப்போ நம்மள மாதிரி ஆளை அந்தக் காலத்துல உள்ளே விட்டிருக்க மாட்டாங்க?”

“விட்டிருக்க மாட்டாங்க.”

“அதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு!”

நடையை எட்டிப் போட்டேன். சரித்திரம் பேசுகிறவன் குறுக்குக் கேள்விக்கெல்லாம் நிற்கக்கூடாது.

பழைய லவுஞ்சின் வாசலில் நீர் இருந்தீர், நல்ல தமிழ் பேசிக்கொண்டு. எங்கள் டிக்கெட்டுக்கு அனுமதி இல்லை, பணம் கட்டினால் உண்டு என்றீர். பேரம் பேசினேன். இங்கே பேரமெல்லாம் கிடையாது என்றீர். நாங்கள் வயசானவர்கள், அதிகம் சாப்பிட மாட்டோம், நாற்காலியைக்கூட மெதுவாகத்தான் தேய்ப்போம் என்றேன். நீர் சிரித்துவிட்டீர். சிரித்தவன் விலை குறைத்தே ஆக வேண்டும், குறைத்தீர். அதுவரைக்கும் உம்மை நல்ல மனுஷன் என்றே நினைத்தேன்.

உள்ளே சொர்க்கம். ஆழமான தோல் சோபாக்கள், பித்தளை ஆணி, தேக்குக் கால். என் மனைவி உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நான் புகழ ஆரம்பித்தேன். குறை? ஒன்றுகூட இல்லை. முன்னறை என் பையில் விழுந்த மாதிரிதான். அந்தத் தெம்பில், குழாய்கள் அசல் பித்தளையா என்று பார்க்கக் கழிவறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் நீர் என் சோபா பக்கத்தில் நிற்கிறீர்.

“சார் பழைய பர்னிச்சர் வாங்குவீங்களாமே? இதையெல்லாம் விக்கலாம்னு இருக்கோம். என்ன விலைக்குப் போகும்?”

அவ்வளவுதான். எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. அந்தச் சோபாவைப் பார்த்த கணத்திலிருந்து மனசுக்குள் அதற்கு லாரி ஏற்பாடு செய்துகொண்டிருந்தவன் நான்.

“இதையா? இதுவா சோபா? ஸ்பிரிங் செத்துக் கிடக்கு.”

“அப்படிங்களா சார்?”

“தோல் பூரா வெடிப்பு. உள்ளே பஞ்சு கட்டி தட்டிப்போச்சு. கால்ல ஆட்டம்.”

“கார்பெட்டு, சார்?”

“இதை மிதிச்சா செருப்புதான் அழுக்காகும்.”

“விளக்கெல்லாம்?”

“இந்த வெளிச்சத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது என் பெண்டாட்டியான்னே சந்தேகமா இருக்கு! ஓசியா குடுத்தாலும் யோசிக்கணும்யா. மொத்தத்துல உங்க லவுஞ்சே ஒரு குப்பைத்தொட்டி. போனாப் போகுது, மொத்தமா ஒரு விலை சொல்லு.”

மனைவியின் மடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பா, போதும்ப்பா. பழசுக்குத்தான் குறை அதிகம். முன்னறை அம்மாவுக்கு.”

“ஐயோ! இது வேற கணக்கும்மா! வாங்கறவன் குறை சொன்னாத்தானே விலை இறங்கும்! இது வியாபாரம்!”

“விக்கறாங்கன்னு யார் சொன்னது?” என்றாள் மனைவி.

உம்மைப் பார்த்தேன். நீர் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

“அம்மாதான் சார்... சும்மா கேட்டுப் பாருங்க, வேடிக்கையா இருக்கும்னாங்க.”

குழாய் பார்க்கப் போனவனை இப்படியா கவிழ்ப்பது! நான் எகிறிக் குதித்தேன். அவள் காலைக்கூட மடக்கவில்லை.

“எத்தனை வருஷமா பாக்கறேன். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொருளைத்தானே நீங்க திட்டுவீங்க.”

“அப்போ தினம் உன்னைத் திட்டறேனே?”

“அது தெரிஞ்சுதானே குடும்பம் நடத்தறேன்.”

துணைக்கு உம் பக்கம் திரும்பினேன். எனக்காக ஒரு வார்த்தை சொன்னீரா? காபி கொண்டுவருகிறேன் என்று நழுவிவிட்டீர்.

ஊர் திரும்பிய வாரமே பதினோரு சோபாவையும் அவளே விற்றாள். குறை சொன்ன ஒருவனுக்கும் கொடுக்கவில்லை. நல்ல சோபா என்று சொன்னவர்களுக்குத்தான் கொடுத்தாள். அதுவும் நான் கேட்டிருக்கக்கூடிய விலைக்கு மேல். இப்போது முன்னறை முழுக்கத் தையல் மெஷின். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெண். எல்லோரும் என்னைப் பார்த்து “சார், அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் எடுங்க” என்கிறார்கள்.

ஆகையால் நீலக்கோட்டுக்காரரே, நாலு பேர் முன்னால் கேட்கிறேன். விற்பதாகச் சொன்னீர் அல்லவா? சொன்ன வாக்கைக் காப்பாற்றும். அதில் ஒரே ஒரு சோபாவை என் வீட்டுக்கு அனுப்பிவையும். நீர் சொல்வதுதான் விலை, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சீக்கிரம் அனுப்பும் ஐயா; வகுப்பு முடிகிறவரை நான் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.