ஹோதாருவின் பாட்டில்

"இந்தத் தடவை உன் பாட்டில் இருக்கிற கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்று அம்மா தொலைபேசியில் சொன்னதும், ஷூஜியின் வாயில் இருந்த நூடுல்ஸ் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எந்தப் பாட்டில்மா?"

"ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி கேக்கறியே. நாப்பது தாண்டின ஆம்பளை, டோக்கியோவுல ஒரு கடையிலயாவது பேர் போட்ட பாட்டில் இல்லாமலா இருப்பே? உங்கப்பாவுக்கு நம்ம ஊர்ல மூணு கடையில இருந்துச்சு. அவர் போனப்புறம் மூணையும் நான்தான் போய் உக்காந்து குடிச்சுத் தீர்த்தேன்."

முழு பாட்டிலாகக் காசு கொடுத்து வாங்கி, கழுத்தில் பேர் அட்டையை மாட்டி, கடை அலமாரியிலேயே விட்டுவிட்டு வருவது. அப்புறம் போகும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. அந்த ஊரில் ஒரு மனிதனுக்கு வீட்டு விலாசம் எப்படியோ பாட்டில் இருக்கும் கடையும் அப்படித்தான். ஷூஜிக்கும் பாட்டில் இருந்தது. இருந்த இடம்தான் வம்பு.

பகலில் ஷூஜி நகராட்சி அலுவலகத்தில் குப்பை பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தான். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவன். மாலையானால் ஆள் வேறு. ஷின்ஜூகுவில் நி-சோமே என்று ஒரு வட்டாரம். நாலைந்து சந்துகளுக்குள், ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் கூடுகிற கே பார்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றும் துணி அலமாரி அளவு. பத்தாவது ஆள் வந்தால் முதல் ஆள் எழுந்து போக வேண்டும். அந்தச் சந்துகளுக்கு வருஷா வருஷம் வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிற 'ஹோதாரு' வேறு யாருமில்லை, நம் ஷூஜிதான்.

கூச்ச சுபாவக்காரர்கள் முதலில் எங்கே போகலாம், குண்டானவர்களைப் பிடிக்கும் என்றால் எங்கே, பெண்களுக்கு மட்டுமான கடை எது, பாடத் தெரியாதவன் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாத கடை எது, கடைக்காரர் திட்டினால் சந்தோஷப்பட வேண்டிய கடை எது, எல்லாம் அதில் இருந்தது. ஒழுங்குமுறைகள் தனி அத்தியாயம். அடுத்தவர் பாட்டிலைத் தொடாதே. யார் வந்தார், யார் போனார் என்று கடைக்காரரைக் கேட்காதே, சொல்ல மாட்டார். இங்கே பார்த்த முகத்தை வெளியே பார்த்தால் நீயாக வாயைத் திறக்காதே. அவராகச் சொல்லும்வரை காத்திரு.

பயந்து நடுங்கி முதல்முறை வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்த புத்தகம் அது. எழுதியவனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லை. அப்பா போய்விட்டார், கூடப் பிறந்தவர்கள் இல்லை. உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அம்மா கிகுயே ஒருத்திதான். விஷயம் தெரிந்து அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவன் பயம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷன் என்று அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அம்மா சொந்த ஊர் தொயாமாவிலிருந்து வந்து வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்துவிட்டுப் போனாள். நல்ல வேளை, புத்தகக் கட்டைப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். அந்தத் தடவைதான் அம்மாவுக்கு டோக்கியோ பிடித்துப்போனது போலிருக்கிறது. ஊருக்குப் போனதும் ஒரு பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தாள். போட்டி, பயிற்சி என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துவிடுவாள். வாரநாளெல்லாம் கோஷ்டி, ஞாயிற்றுக்கிழமை மகன். வரும்போது தொயாமாவின் மீன் சோறு இரண்டு பெட்டி வரும். ஒன்று இவனுக்கு, ஒன்று பாட்டு டீச்சருக்கு.

"நான் குடிக்கிறதை நிறுத்திட்டேன்மா" என்று சொல்லிப் பார்த்தான்.

"நல்லதாப் போச்சு, மிச்சத்தை நான் குடிக்கிறேன். கடையைக் காட்டு" என்றாள் அம்மா.

ஆக, ஒரு சாதாரணக் கடையில் ஒரு சாதாரணப் பாட்டில் உடனடியாகத் தேவைப்பட்டது. ஞாயிறு மதியம் அராகி-சோ என்கிற பக்கத்து வட்டாரத்துக்குப் போனான். கல்யாணமான கணக்கர்கள் மனைவியைக் குறைசொல்லிக்கொண்டு குடிக்கிற, எந்த வம்பும் இல்லாத ஒரு கடையைக் கண்டுபிடித்தான். கதவைத் தட்டி, கடைக்காரர் இவாசேயிடம் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி, சர்க்கரைவள்ளிக்கிழங்குச் சாராயம் ஒரு பாட்டில் வாங்கி, தன் சொந்தப் பேரை எழுதி மாட்டினான்.

இவாசே பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கழுத்துவரை நிரம்பி நின்ற பாட்டிலைப் பார்த்தால், இன்றைக்கு வாங்கியது என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும் என்றார். பாதியைத் தொட்டியில் கொட்டிவிடலாமே என்றான் ஷூஜி. அந்த மனிதர் முகம் கறுத்துவிட்டது.

"என் கடைத் தொட்டி சாராயம் குடிக்காது. நீங்க குடிங்க" என்றார்.

வேறு வழியில்லாமல் குடித்தான். பாதி குறைந்தபோது இவாசே தலையைச் சாய்த்துப் பார்த்து, நிஜ வாடிக்கைக்காரர் பாட்டில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார், அதையும் குடித்தான். எழுந்தபோது அராகி-சோவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அம்மா தங்கியிருந்த விடுதி வாசலில் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சாராயத்தை விட்டவனிடம் வரக்கூடிய வாசனையாக அது இல்லை. டீச்சருக்கான மீன் சோற்றுப் பெட்டியைத் துணியில் கட்டிக் கையில் வைத்திருந்தாள். அதை விடுதியிலேயே வைக்கலாமே என்றான். கையோடு இருக்கட்டும் என்றாள்.

காற்றாட நடந்தால் போதை தெளியும் என்று நடக்க ஆரம்பித்தான். அங்கேதான் கோட்டை விட்டான். தலைக்குத்தான் அராகி-சோ போகவேண்டும் என்று தெரியும். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை விட்டால் எந்தப் பக்கம் திரும்பிப் பழகியிருந்தனவோ அந்தப் பக்கம் திரும்பின. அவன் பாட்டுக்கு அலுவலகக் கதை பேசிக்கொண்டே வர, அவை அவனையும் அம்மாவையும் நி-சோமேவின் நடு நாற்சந்தியில் கொண்டுவந்து நிறுத்தின.

சுதாரிப்பதற்குள் ஓர் இளைஞன் புத்தகமும் கையுமாக எதிரே வந்து நின்றான். புத்தகம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல வேளை, அட்டையில் எழுதியவன் படம் கிடையாது. "'பவளப்பாறை'ங்கிற கடை எங்கன்னு தெரியுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வழிகாட்டி எழுதுகிறவனின் நாக்கு அவன் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டாவது சந்து, மாடிப்படி, இன்றைக்கு ஞாயிறு ஆகையால் சின்னவர்தான் இருப்பார், ஓரத்து நாற்காலி ஆடும், அதில் உட்காராதே, பயப்படாதே, அங்கே எல்லாரும் நல்லவர்கள் என்று கடகடவென்று கொட்டிவிட்டான். அந்தப் பையன் குனிந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

"இந்தப் பக்கமெல்லாம் உனக்கு நல்லாப் பழக்கமோ?" என்றாள் அம்மா.

"குப்பைம்மா. எல்லாச் சந்துலயும் குப்பை எடுக்கணுமில்ல."

"ஆடுற நாற்காலிகூடவா?"

"அதைத் தூக்கிப் போட்டா பெரிய குப்பையில சேரும்" என்றான் ஷூஜி. அவனுக்கே அழுகை வந்தது.

அம்மா கால் வலிக்கிறது என்றாள். வலித்த இடம் சரியாக 'பச்சைத் தவளை'யின் வாசல். அவனுடைய நிஜப் பாட்டில் இருந்தது அங்கேதான். வேறு நல்ல கடையாகப் போகலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கதவில் கை வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பச்சைத் தவளைக்குள் பெண்களை விட மாட்டார்கள். அதை அவனே புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். கடைக்காரர் ரின்னுக்கு மல்யுத்தக்காரர் உடம்பும் முறுக்கு மீசையும் உண்டு. சந்து முழுக்க அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடும். போன வருஷம் தொலைக்காட்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணை வாசற்படியோடு திருப்பியனுப்பியவர். அம்மாவையும் அப்படியே அனுப்பிவிடுவார், தப்பித்துவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் ரின் அக்கா கையிலிருந்த பனிக்கட்டி இடுக்கியைக் கீழே போட்டார். ஷூஜி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை வீசிக் காட்டினான், துரத்து, துரத்து என்று. ரின் அக்கா அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரோரத்து நாற்காலியில் ஒரு மெத்தையை எடுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

மீசைக்குள் மனிதர் இளகிவிட்டார் போலும், வயசானவளைப் பார்த்து, என்று ஷூஜி நொந்துகொண்டான்.

அம்மா வெறுங்கையோடு வரக் கூடாது என்று சொல்லி மீன் சோற்றுப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். ரின் அக்கா அதை வாங்கி உள்ளே வைத்தார். பாட்டு டீச்சர் பாவம் என்று நினைத்துக்கொண்டான் ஷூஜி. இந்தக் கடையில் எப்போதாவது அபூர்வமாக மீன் சோறு போடுவார்கள். எங்கள் அம்மா கொண்டுவருவது போலவே இருக்கும் என்று அவன் புத்தகத்தில் புகழ்ந்துகூட எழுதியிருந்தான்.

அம்மா அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். வரிசை வரிசையாகப் பேர் போட்ட பாட்டில்கள். மேல்தட்டில், கையைத் தூக்கி ஆட்களைக் கூப்பிடுகிற பீங்கான் பூனை ஒன்று, வளர்ந்த நாய் அளவுக்கு. புத்தகத்துக்குப் படம் எடுப்பதற்காக ஒரு தடவை அதை நகர்த்தப் போய், புறங்கையில் ரின் அக்காவிடம் அடி வாங்கியிருக்கிறான்.

"இது யாருடா கடை? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. முதல் தடவையா வர்றேன்" என்றான் ஷூஜி.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, ரின் அக்காவின் கை பாட்டிலைக் கொண்டுவந்து அவன்முன் வைத்துவிட்டது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கைக்காரன் உட்கார்ந்தால் பாட்டில் இறங்கவேண்டும். வருஷக்கணக்காக அந்தக் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வைத்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேர் அட்டையைத் திருப்பினாள்.

"ஹோதாருன்னு போட்டிருக்கு. யாரு ஹோதாரு?"

"ஃப்ரெண்டும்மா."

"முதல் தடவையா வர்ற கடையில ஃப்ரெண்டு பாட்டில் எப்படி உன் முன்னால வருது?"

"அவன்... தப்பா நினைச்சுக்க மாட்டான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் இப்படித்தான் கழற்றுவாள்.

"அடுத்தவன் பாட்டிலைத் தொடுறவனை உங்கப்பா வாசப்படி ஏத்த மாட்டார். நீ தொடுறவனா ஷூஜி? சொல்லு. இது யாரோட பாட்டில்?"

மேஜையின் அந்தக் கோடியில் இருந்த இரண்டு பேர் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ரின் அக்கா துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தார். திருடன் என்று பேர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஹோதாரு என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி எதையும் ஷூஜியின் போதையேறிய மூளை காட்டவில்லை.

"என்னோடதும்மா" என்றான். "நான்தான் ஹோதாரு. இந்தச் சந்தெல்லாம் எனக்கு வீடு மாதிரி. நான் ஆம்பளைங்களைத்தான் விரும்புறேன்மா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். சொன்னா நீ என்னை விட்டுடுவியோன்னு பயந்துதான் இத்தனை வருஷம் சொல்லலை."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. அது பாட்டிலிலிருந்து விழவில்லை.

அம்மா அவன் முதுகில் கை வைத்தாள். புரையேறினால் தட்டிக் கொடுப்பாளே, அந்த மாதிரி மெதுவாகத் தட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. "முதல்ல கொஞ்சம் தண்ணி குடி" என்றாள். பிறகு ரின் அக்காவை நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்தாள்.

ரின் அக்கா பெருமூச்சு விட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெரிய உடம்போடு அதன்மேல் ஏறி, மேல்தட்டுப் பூனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ இனிமே உங்க பாட்டிலை இந்தப் பூனைக்குப் பின்னால ஒளிச்சு வைக்க வேண்டாம்தானே, கிகுயே அம்மா?"